கிளெண்ட் மலையடியில் ஒரு கச்சேரி

இங்கிலாந்துக்குப் பிரயாணம் போகிறவர்கள் லண்டனைப் பார்ப்பார்கள். ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரைப் பார்ப்பார்கள். கையில் இன்னும் காசு மிச்சமிருந்தால் ஸ்காத்லாந்துக்கும் ஒரு நடை போய் வருவார்கள். கிளெண்ட் என்ற கிராமத்துக்கு வழி கேட்பவர்கள் அபூர்வம். ஆனால் பேசாத குழந்தையை வைத்துக்கொண்டு கலங்குகிற தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் அது. ஆகையால், நேயர்களே, டிக்கெட் செலவில்லாமல் உங்களை அங்கே அழைத்துப் போகிறேன். வாருங்கள்!

பர்மிங்ஹாம் நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 10 மைல். புகைக்கும் தொழிலுக்கும் பெயர் போன பிரதேசத்தைத் தாண்டியதும், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் கிளெண்ட் குன்றுகள் எழுகின்றன. ஆயிரம் அடியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஏற்காட்டுக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்! உச்சியில் நான்கு பெரிய கற்கள் நட்டிருக்கின்றன. ஆதி மனிதன் நட்டவை என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். பக்கத்து ஹாக்லி மாளிகைப் பிரபு லிட்டில்டன், பதினெட்டாம் நூற்றாண்டில் காட்சி அழகுக்காக வைத்தவை அவை.

ஊருக்கு ஒரு ஸ்தல புராணமும் உண்டு. கெனல்ம் என்ற பாலகன், ராஜ்ய ஆசை பிடித்த தமக்கையின் சூழ்ச்சியால் கொல்லப்பட்டு, இந்தக் குன்றுப் பக்கத்தில் புதைக்கப்பட்டானாம். ஒரு பசு மட்டும் அந்த இடத்தை விட்டு நகராமல் காவல் நின்றதாம். பிறகு அங்கே ஓர் ஊற்றும் கிளம்பியதாம். புற்றின்மேல் பால் சொரிந்த பசுக்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றுமா, என்ன?

மறைந்து கிடந்த குழந்தைக்குப் பக்கத்தில் பொறுமையாக நிற்பது! நான் சொல்ல வந்த விஷயமும் ஏறக்குறைய அதுதான்.

இந்தக் கிராமத்தில் 'சன்ஃபீல்ட்' என்றொரு குழந்தைகள் இல்லம். 1930-ல் தொடங்கி, சில ஆண்டுகளில் கிளெண்டுக்கு வந்து சேர்ந்தது. மனவளர்ச்சியில் சிரமம் உள்ள குழந்தைகளுக்கான இல்லம். 1958-ல் அமெரிக்காவிலிருந்து ஒரு விருந்தாளி வந்தார். பெயர் பால் நார்டாஃப். பெரிய சங்கீத ரசிகர்களுக்கு இசை அமைத்தவர். கல்லூரியில் சங்கீதப் பேராசிரியர். குழந்தைகளிடம் இசை செய்கிற வேலையைக் கண்டதும் அவர் மனம் திரும்பிவிட்டது. கௌரவமான உத்தியோகத்தை விட்டுவிட்டு, அங்கே ஆசிரியராக இருந்த கிளைவ் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயருடன் 1959-ல் கூட்டுச் சேர்ந்தார்.

கச்சேரி எப்படி நடக்கும் தெரியுமா? நார்டாஃப் பியானோவில் உட்காருவார். ராபின்ஸ் குழந்தையின் அருகில் இருப்பார். எதிரே ஒரு முரசும் தாளமும். குழந்தை முரசில் தாறுமாறாக ஒரு தட்டுத் தட்டும். பியானோ உடனே அதே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். குழந்தை ஓடினால் பியானோவும் ஓடும். குழந்தை நின்றால் அதுவும் நிற்கும். இப்படிச் சிறிது நேரம் போனபின், பியானோ தன் நடையைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கும். கூட வருகிறதா குழந்தை? வந்துவிட்டால், அன்றைக்கு அது பெரிய வெற்றி. நம் பாஷையில் சொன்னால், அங்கே வித்வான் பக்கவாத்தியம். குழந்தைதான் பிரதான பாடகர்!

1960-க்குப் பிறகு இருவரும் இந்த முறையை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். பிலடெல்பியாவில் ஐந்தரை வயதுப் பையன் ஒருவன் வந்தான். ஆட்டிசம் உள்ளவன். அறைக்குள் நுழைந்ததுமே வீறிட்டு அலறினான். நாமாயிருந்தால் "உஸ், சத்தம் போடாதே!" என்றிருப்போம். நார்டாஃப் அந்த அலறலின் ஸ்ருதிக்கு இசைவாகவே பியானோ வாசித்து, பாடினார். அழுகைக்கும் பாட்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று பிறந்தது. அடுத்த முறை வந்தபோது, பையன் குரல் கொடுத்துப் பதில் சொன்னான். அந்த ஒலிப்பதிவை இன்றும் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குழந்தையின் தாயார் எதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டிசத்தை டாக்டர் லியோ கானர் 1943-ல் பதினோரு குழந்தைகளைக் கொண்டு விவரித்தார். அவர்களில் ஒருவன் ஒன்றரை வயதிலேயே 18 சிம்பனிகளை இனம் கண்டுகொண்டானாம்! சங்கீதக் காது அப்போதே தென்பட்டது. ஆனால் வைத்தியர்கள் பலர் கண்டது தாயின் குற்றத்தைத்தான். "அம்மாவிடம் பாசம் போதவில்லை, அதனால்தான் பிள்ளை இப்படி" என்றார்கள். தாமே அத்தகைய பிள்ளைக்குத் தகப்பனாரான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-ல் புத்தகம் எழுதி அந்த வாதத்தைத் தகர்த்தார். ஆட்டிசம் மூளை வளரும் விதத்தைச் சேர்ந்தது. எந்தத் தாயும் அதற்குப் பொறுப்பில்லை. இதை நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் அத்தைமாருக்கும் தயவு செய்து படித்துக் காட்டுங்கள்.

"சரி, பாட்டுக் கேட்டால் குணமாகிவிடுமா?" என்கிறீர்களா? ஆகாது. ஆசை காட்டுகிறவர்களை நம்ப வேண்டாம். ஒன்பது நாடுகளில் 364 குழந்தைகளை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2017-ல் வந்தது. ஐந்து மாதத்தின் முடிவில், இசை சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஆட்டிசக் குறிகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022-ம் ஆண்டு மதிப்பீடோ, குழந்தையின் பொதுவான முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைச் சுகத்துக்கும் இது உதவக்கூடும் என்கிறது; பேச்சு வருவதில் பலன் தெளிவாகத் தெரியவில்லை என்றும் சொல்கிறது. ஆகவே பேச்சுப் பயிற்சியையும் பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிட்டுப் பாட்டு வாத்தியாரைத் தேட வேண்டியதில்லை. இன்னொன்று: சில குழந்தைகளுக்கு மிக்ஸியும் குக்கர் விசிலுமே காதில் ஊசி குத்துவது போலிருக்கும். நல்ல சங்கீதம்தானே என்று ரேடியோவை உரக்க வைத்துவிடாதீர்கள்.

நார்டாஃப் 1977-லும் ராபின்ஸ் 2011-லும் காலமானார்கள். அவர்கள் பெயரால் லண்டனிலும் நியூயார்க்கிலும் இந்தக் கலையைக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதைக் கற்க ஆண்டுகள் ஆகும். ஆனால் அதன் முதல் பாடத்துக்குக் கப்பல் ஏற வேண்டாம், பியானோவும் வேண்டாம். குழந்தை தட்டில் கரண்டியால் தட்டிக்கொண்டே இருக்கிறதா? கரண்டியைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அது தட்டும் வேகத்திலேயே மெதுவாக மேஜையில் தட்டிப் பாருங்கள். ஒரு நாள் அது தட்டுவதைச் சற்று நிறுத்தி, நீங்கள் தட்டுகிறீர்களா என்று காத்திருக்கலாம்.