உள்ளே ஆள் இருக்கு

பூட்டு வாங்குவது ஐந்து நிமிட வேலை. வீட்டுக்கு என்றால் அது சரி. பாய்மரப் படகுக்கு என்று வரும்போது கதை வேறு. போன வசந்தத்தில் மூன்று வாரம் நான் அதிகம் யோசித்தது ஒரு பூட்டைப் பற்றித்தான். ஆபீஸில் ரிலீஸ் நெருங்கிக்கொண்டிருந்த மூன்று வாரம் அது.

படகு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் நிற்கும் 26 அடி வெஸ்டர்லி சென்டார். 1969இல் தொடங்கி 1980 வரை 2000க்கு மேல் கட்டித் தள்ளிய மாடல். அடியில் இரட்டைக் கீல் இருப்பதால், ஓதம் இறங்கும்போது சேற்றில் சாயாமல் உட்கார்ந்துகொள்ளும். நானும் ஆபீஸ் நண்பர் ஒருவரும் ஆளுக்குப் பாதி போட்டு, ஒரு பழைய கார் விலைக்கு வாங்கினோம். ஊரில் சொந்தக்காரர்கள் "கப்பல் வெச்சிருக்கான்" என்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது இது இல்லை.

இந்தப் படகில் வீட்டில் இருப்பது போன்ற கதவு கிடையாது. வெளியே உட்கார்ந்து ஓட்டுகிற இடத்திலிருந்து கேபினுக்குள் இறங்கும் வாசலுக்குக் கம்பேனியன்வே என்று பெயர். மேலே முன்னும் பின்னும் நகரும் ஒரு மூடி. அதற்குக் கீழே வாஷ்போர்டு எனப்படும் பலகைகள். அந்தக் கால மளிகைக் கடைகளில் எண் போட்ட பலகைகளைக் காடியில் செருகிக் கடையை அடைப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். இங்கே பலகைகள் படுக்கைவாட்டில், மேலிருந்து கீழாக இறங்கும். மூடியையும் மேல் பலகையையும் சேர்த்துப் பிடிக்க வெளியே ஒரு நாதாங்கி. அதில்தான் பூட்டு தொங்கும்.

அந்தக் குளிர்காலத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு படகுகளை உடைத்துத் திருடியிருந்தார்கள். எங்கள் பழைய பூட்டோ துருவேறி, சாவி பாதிதான் திரும்பியது. சரி, மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தொழில்புத்தி, முதலில் த்ரெட் மாடல் போட்டேன். யார் வருவான், என்ன கொண்டு வருவான், எவ்வளவு நேரம் செலவழிப்பான்? வருகிறவன் கையில் ஒரு கடப்பாரை இருந்தால் போதும். பூட்டு எவ்வளவு கெட்டியானாலும் அது தொங்குவது பிளைவுட் பலகையில். பூட்டை விட்டுவிட்டுப் பலகையை உடைப்பான். நாதாங்கியின் திருகாணிகள் வெளியே தெரிந்தால் அதுவும் வேண்டாம், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். ஆகவே பூட்டைவிட முக்கியம் நாதாங்கி: மூடினால் திருகாணிகளை மறைக்க வேண்டும், பலகையைத் துளைத்துப் போகும் போல்ட்டுகளால், பின்னால் ஒரு உலோகத் தகடு வைத்து இறுக்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் திருடனைத் தடுக்க முடியாது. சோம்பேறித் திருடனைப் பக்கத்துப் படகுக்கு அனுப்பலாம். இன்னொன்று, உடைத்து நுழைந்ததற்கான அடையாளம் இருந்தால்தான் உள்ளே போன பொருளுக்குக் காப்பீடு தருவோம் என்று இங்கே பல பாலிசிகளில் எழுதியிருக்கிறது. உடைபடுவதற்காகவே ஒரு பூட்டு!

அடுத்த எதிரி உப்பு. கடைகளில் "உடைக்கவே முடியாது" என்று விற்கும் பூட்டுகளின் வளையம் பெரும்பாலும் கடினமாக்கிய எஃகு. அறுப்பது கஷ்டம்தான், ஆனால் கடற்காற்றில் துரு பிடிக்கும். 316 ரகத் துருவேறா எஃகில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். அறுப்பதற்கு அது கொஞ்சம் எளிது. பாதுகாப்பா, ஆயுளா? நான் ஆயுள் பக்கம். திறக்க மறுக்கும் பூட்டு முதலில் பழிவாங்குவது சொந்தக்காரனைத்தான். பித்தளை உடல், துருவேறா எஃகு வளையம், சாவித் துளைக்கு ஒரு ரப்பர் மூடி. முடிவு செய்துவிட்டேன்.

மனைவி அந்த எக்செல் ஷீட்டை எட்டிப் பார்த்தாள். "ஏம்ப்பா, வெளிய இருக்கறவனைப் பத்தியே இவ்ளோ யோசிச்சிருக்கியே. நானும் பாப்பாவும் உள்ள தூங்கிட்டிருக்கும்போது யாராவது விளையாட்டா அந்த நாதாங்கியை மாட்டிட்டுப் போயிட்டா? கேஸ் அடுப்பு உள்ளதானே இருக்கு?"

ஷீட்டில் அதற்கு ஒரு காலம் இல்லை.

வீட்டுக் கதவில் இதைத் தமிழ் எப்போதோ பிரித்து வைத்திருக்கிறது. பூட்டு வெளியே போகும்போது. தாழ்ப்பாள் உள்ளே இருக்கும்போது. இரண்டு வேலை, இரண்டு சொல். படகு வாசலில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: கடல்.

1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயம் எங்கள் துறைமுகத்துக்கு எதிரே, வைட் தீவின் கௌஸிலிருந்துதான் கிளம்பியது. 303 படகுகள். நடுவழியில் புயல். பந்தயத்தில் இருந்தவர்களில் 15 பேர் இறந்தார்கள். 5 படகுகள் மூழ்கின. பின்னால் வந்த விசாரணை அறிக்கை பேசிய விஷயங்களில் ஒன்று இந்த வாஷ்போர்டுகள். படகு கவிழும்போது பலகைகள் காடியிலிருந்து நழுவி விழுந்தால், அந்த வாசல் வழியாகக் கடல் உள்ளே வந்துவிடும். இன்று ஆழ்கடல் பந்தயங்களுக்கான விதிகள் கேட்பது இதைத்தான்: படகு தலைகீழானாலும் பலகைகள் இடத்தில் நிற்க வேண்டும். அந்தத் தாழை உள்ளிருந்தும் திறக்க முடிய வேண்டும், வெளியிலிருந்தும் திறக்க முடிய வேண்டும். உள்ளே இருப்பவர் தப்பிக்க ஒன்று, அவரைக் காப்பாற்ற வருபவருக்கு இன்னொன்று.

எங்கள் படகு ஆழ்கடலுக்குப் போகாது. ஆனாலும் அந்த விதியில் இருக்கும் நியாயம் கரையோரத்துக்கும் பொருந்தும். மின்பூட்டுகளில் ஃபெயில் சேஃப், ஃபெயில் செக்யூர் என்று இரண்டு வகை உண்டு. கரண்ட் போனால் முதலாவது திறந்துகொள்ளும், இரண்டாவது பூட்டியே இருக்கும். பணப்பெட்டி அறைக்கு எது, ஆள் படுத்திருக்கும் அறைக்கு எது என்பதில் குழப்பமே இல்லை. படகு மட்டும் ஆள் இல்லாதபோது பணப்பெட்டி, ஆள் இருக்கும்போது படுக்கையறை.

அதனால் இரண்டையும் பிரித்தோம். திருடனுக்குப் பூட்டு, அது நாங்கள் கரைக்குப் போகும்போது மட்டும். படகில் இருக்கும்போது நாதாங்கியைத் திறந்து விட்டு, அது மாட்டும் வளையத்தில் பூட்டை மட்டும் போட்டுப் பூட்டிவிடுவோம். பூட்டு அங்கே இருக்கும்வரை யாராலும் நாதாங்கியை மாட்ட முடியாது. இதற்குச் செலவு பைசா கிடையாது. கடலுக்குத் தனியாக ஒரு தாழ்: மேல் பலகையைத் துளைத்துப் போகும் தண்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒவ்வொரு பலகையிலும் ஒரு கயிறு, நழுவினாலும் தண்ணீரோடு போய்விடாமல் இருக்க. முன்பக்கக் கூரையில் இருக்கும் சின்ன மூடிக்கு வெளிப்பூட்டே கிடையாது. உள்ளிருந்து மட்டும்தான் தாழ். அவசரத்துக்கு அது இரண்டாவது வழி.

வேலை முடிந்த சனிக்கிழமை டெஸ்டிங். நான் திறந்தேன், மனைவி திறந்தாள், நண்பர் வெளியிலிருந்து திறந்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஆறு வயது மகளை உள்ளே விட்டு, "எங்கே, நீயே வெளிய வா பாக்கலாம்" என்றோம். இருட்டில் தடவித் தடவிக் கைப்பிடியைக் கண்டுபிடித்துவிட்டாள். திருப்பத்தான் பலம் போதவில்லை. "அப்பா, டைட்டா இருக்குப்பா."

உள்பக்கக் கைப்பிடியை அவிழ்த்து, இரண்டு மடங்கு நீளமானதாக வாங்கிப் பொருத்தினோம். அடுத்த வாரம் ஒரே இழுப்பில் திறந்தாள்.