அறுத்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர்

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, கரோனர் ஆவதுதான் தன் லட்சியம் என்கிறாள். கைப்பேசியில் பார்த்த ஆங்கிலத் தொடரில் பிடித்துக்கொண்ட சொல் அது. சந்தேக மரணம் நடந்தால் காரணத்தை விசாரித்துச் சொல்லும் அதிகாரிதான் கரோனர். பிரிட்டிஷ் ஆட்சியில் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் அந்தப் பதவி இருந்தது. இன்று தமிழ்நாட்டில் இல்லை. அந்த வேலை இப்போது பிரிந்து கிடக்கிறது. சந்தேக மரண விசாரணை போலீசிடம், காவலில் நடந்த மரணம் என்றால் மாஜிஸ்திரேட்டிடம், உடற்கூறாய்வு அரசு மருத்துவரிடம்.

இதைச் சொன்னதும், "அப்ப அந்த டாக்டர் ஆகணும்னா என்ன படிக்கணும் அக்கா?" என்று கேட்டாள்.

எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, தடயவியல் மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.டி. படிக்க வேண்டும். முதலில் நீட்டைத் தாண்ட வேண்டும். அரசுப் பள்ளி மாணவி என்பதால் 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அருந்ததியர் என்பதால், பட்டியல் சாதிகளுக்கான 18 விழுக்காட்டுக்குள் 2009 முதல் 3 விழுக்காடு இருக்கிறது. இரண்டும் போராடிக் கிடைத்தவை.

தடை வீட்டில்தான் வந்தது. அவளுடைய தாத்தா ஓர் அரசு மருத்துவமனையின் பிணவறையில் வேலை பார்த்தவர். நாற்றம் தாங்காமல் குடித்தவர். அவர் வேலையைச் சொல்லியே அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசித்தார்களாம். "பொணத்தோட கெடந்த பொழப்பு உங்க தாத்தாவோட போகட்டும்னுதானே படிக்கவைக்கிறேன்" என்றார் அம்மா. டாக்டர் ஆகட்டும், குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கட்டும் என்பது அவர் ஆசை.

அம்மா சொல்வதில் ஒரு வரலாறு இருக்கிறது. செத்த மாட்டை இழுப்பதை நிறுத்துங்கள் என்று தன் மக்களிடம் சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். அந்த அழைப்பைப் படிக்காமலே வாழ்ந்து காட்டுகிறவர் இந்தத் தாய். அப்படியானால் மகள் திரும்பிப் போகிறாளா?

அவளிடமே கேட்டேன். "தாத்தாதான் அறுத்தாரு, தாத்தாதான் தெச்சாரு. உள்ள என்ன இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியும். டாக்டர் தள்ளி நின்னு எழுதுனாரு. எனக்கு எழுதணும்."

சமூகவியல் வகுப்பில் தீட்டைப் பற்றி நிறையப் படித்தேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. உடலைத் தொடும் வேலை நமக்கு, உண்மையை எழுதும் அதிகாரம் வேறொருவருக்கு. அண்ணல் எதிர்த்தது பிறப்பைக் காட்டித் திணிக்கப்பட்ட வேலையை. படித்து, தேர்ந்தெடுத்து, கையெழுத்துப் போடும் உரிமையோடு அதே அறைக்குள் நுழைவது வேறு.

அந்தக் கையெழுத்தின் எடை நமக்குத் தெரியும். 2013-இல் தருமபுரி இளவரசன் ரயில் பாதை ஓரம் பிணமாகக் கிடந்தபோது, முதல் உடற்கூறாய்வை நம்ப முடியாமல் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வந்து மறுபடி ஆய்வு செய்தார்கள். 2015-இல் கோகுல்ராஜின் உடலும் தண்டவாளத்தில்தான் கிடந்தது, தற்கொலை என்று நம்பவைக்க ஒரு கடிதத்தோடு. அது கொலைதான் என்று 2022-இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. வன்கொடுமைச் சட்டத்தில் கொலைக்கான நிவாரணத்தின் முதல் பாதிகூட உடற்கூறாய்வு முடிந்த பிறகே வருகிறது.

தலித் மருத்துவர் எழுதினால்தான் உண்மை வரும் என்று நான் சொல்லவில்லை. நேர்மை எந்தச் சாதிக்கும் சொந்தமில்லை. ஆனால் பிணவறைக்குள் கத்தி பிடித்த கைகளில் நம் கை எத்தனையோ தலைமுறையாக இருக்க, பேனா பிடித்த கைகளில் அது அரிதாக இருப்பது தற்செயல் அல்ல.

அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. அவரை அவசரப்படுத்த எனக்கு உரிமையும் இல்லை. தோழர்களே, நீதி கேட்டு உடலை வாங்க மறுத்துப் பிணவறை வாசலில் எத்தனை இரவுகள் உட்கார்ந்திருக்கிறோம். அந்த வாசலுக்கு நம்மோடு வரும் தம்பி தங்கைகளிடம், உள்ளே நடப்பதையும் அதற்கான படிப்பையும் சொல்லிக்கொடுங்கள்.