காற்று விடுபட்ட கணக்கு

அப்பா பாத்தித் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "தடிச்சிருச்சு தம்பி, நாளைக்கே வாரிடலாம்" என்றார். "ரெண்டு நாள் பொறுங்கப்பா, கணக்கு அப்படித்தான் சொல்லுது" என்றேன். மறுநாள் ராத்திரி கோடை மழை கொட்டியது. விடிந்து போய்ப் பார்த்தால் உப்பு கரைந்திருந்தது.

வீடு கோடியக்கரையில், குத்தகை உப்பளம் அகஸ்தியன்பள்ளியில். கடல்நீரின் அடர்த்தி மூன்று, மூன்றரை பாமே டிகிரிதான் இருக்கும். வெயிலிலும் காற்றிலும் வற்றி அது 25ஐ எட்டும்போது உப்பு பூக்கும். வாருகிற நாளைக் கணிக்க நான் பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். ஒரே மாலையில் எழுதிவிட்டேன். ஆனால் நூற்றுக்கணக்கான மழை வாய்ப்புகளுக்கு நிமிடம் நிமிடமாகக் கணக்குப் போட என் பழைய மடிக்கணினிக்கு இரவு முழுவதும் பிடித்தது. அதனால் சி மொழியில் திருப்பி எழுதினேன். நொடிகளில் விடை வந்தது. அந்த வேகத்தில் மயங்கி, பழைய விடையோடு ஒத்துப் பார்க்காமல் விட்டேன்.

தவறு ஒரே வரியில் இருந்தது. கடற்காற்று பலமாக வீசும் 7 மணி நேரத்தை 24ஆல் வகுத்திருந்தேன். பைத்தானில் அதற்கு விடை 0.29. சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் உதிர்ந்து 0 ஆகிவிடும். கோடியக்கரையில் பிறந்தவன் காற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

பிற்பாடு ஜூலியா மொழி பிறந்த கதையைப் படித்தபோது நெஞ்சில் குத்தியது. ஜெஃப் பெசான்சன், ஸ்டீஃபன் கார்பின்ஸ்கி, நம் நாட்டின் விரல் ஷா, ஆலன் எடெல்மன் ஆகிய நால்வரும் 2012 பிப்ரவரியில் அதை வெளியிட்டார்கள். யோசிக்க எளிய மொழி ஒன்று, ஓட்ட வேகமான மொழி இன்னொன்று என்று ஒரே கணக்கை இரண்டு முறை எழுதும் நிலையை ஒழிப்பதே அவர்கள் நோக்கம். பைத்தானைப் போல எழுதலாம். ஓடும்போதே அது இயந்திர மொழியாக மாறிவிடும். அதுவரை திறன் என்றால் வேகம் என்றே நினைத்திருந்தேன். நான் இழந்ததோ திருப்பி எழுதிய இடத்தில்.

அப்பாவிடம் சொன்னேன். "காத்தையா விட்ட?" என்று மட்டும் கேட்டார், திட்டவில்லை.

இப்போது நிரல் ஜூலியாவில் ஓடுகிறது. ஒரு நோட்டில் தினமும் அப்பா சொல்வதைப் பென்சிலிலும் நிரல் சொல்வதைப் பேனாவிலும் எழுதுகிறேன். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் அப்பா சொல்படியே வாருகிறோம்.