மடிகின்ற கூரை
எமது வெள்ளவத்தை இல்லத்தில் கூரை மடிகின்ற மொரிஸ் மைனர் கார் ஒன்று நெடுங்காலமாக நிற்கிறது. அவ்வகைக் கார் 1948-இல் இங்கிலாந்தில் வெளிவருமுன், அதனை வகுத்த அலெக் இசிகோனிஸுக்கு அது ஒடுக்கமாகத் தோன்றிற்றாம். மாதிரிக் காரை நெடுக்கே இரண்டாக அறுத்து, 4 அங்குலம் விலக்கிப் பார்த்த பின்னரே அவர் மனம் அமைந்தது. பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அதன் சுவடே. பூசணிக்காய் போன்ற அவ்வுடலுக்கு அழகு தருவதும் அதுதான் என்பது எம் கட்சி.

துணிக் கூரைதான் எம்மைச் சோதித்தது. கடலின் உப்புக்காற்றில் தையல் இற்று, சென்ற ஐப்பசி மழையில் பின்னாசனத்தில் இருந்த தாயாரின் சேலை நனைந்துவிட்டது. தகரக் கூரை அடித்துவிடலாம் என்றோம். தாயார் இணங்கவில்லை. மணமான புதிதில், காலி வீதியில் ஆடிவேல் தேர் வந்தபோது, தந்தையார் கூரையை மடித்துவிட, இருந்த இடத்திலிருந்தே தேரின் உச்சியைக் கண்டவர் அவர்.

கொட்டாஞ்சேனையில் ஆசனங்களுக்கு உறை தைக்கும் முதியவர் ஒருவர் பழைய இரும்புச் சட்டத்துக்கே புதுத்துணி தைத்து இழுத்துப் பூட்டினார். "ஈரத்தோடு மடிக்கவேண்டாம் ஐயா, பூஞ்சணம் பிடிக்கும்" என்றார். கூலியோ தகரத்திலும் கூடுதல்!

ஆடிவேலுக்கு இன்னும் எத்தனை நாளென்று தாயார் பஞ்சாங்கத்தைப் புரட்டத் தொடங்கிவிட்டார்.