நெடுந்தீவிற் புறாக்கூடு

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியே செல்லும் வீதி குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகின்றது. அதற்கப்பாற் கடலே வழி. நெடுந்தீவு செல்வோர் அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகிலே பயணஞ் செய்தல் வேண்டும். சோழகக் காற்று வலுத்து வீசுங் காலத்தில் அலைகள் படகை அலைக்கழிக்கும். கடல் மிகக் குமுறினாற் படகே புறப்படாது. அந்நாட்களில் அக்கரையார் அக்கரையிலும் இக்கரையார் இக்கரையிலும் காத்திருத்தலன்றிச் செய்யத்தக்கது யாதுமில்லை.

யாழ்ப்பாணத்தை அடுத்த பெரிய தீவுகளுள் நெடுந்தீவும் ஒன்று. ஏறக்குறைய 50 சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரை இதற்கு இட்டு 'டெல்வ்ற்' என வழங்கினர். சாந்து பூசாது முருகைக் கற்களை அடுக்கி எழுப்பிய மதில்களே இங்கு காணிகளுக்கு வேலி. பனைமரங்களும், பருத்த அடியுடைய பெருக்குமரமும், இடிந்த கோட்டையும், வெளிகளிற் கட்டின்றித் திரியும் குதிரைகளும் காண்போர் மனத்தைக் கவர்வன. எனினும், பிரிந்திருப்போர் வந்து சற்றே நின்று சிந்திக்கத்தக்க இடம் வேறொன்றுண்டு. அதுவே புறாக்கூடு.

தூது சென்ற பறவை

முருகைக் கல்லாற் கட்டப்பெற்ற சிறிய அமைப்பு அது. புறாக்கள் தங்குதற்குரிய சிறு மாடங்கள் அதில் வரிசையாக அமைந்துள்ளன. ஒல்லாந்தர் காலத்திலே கடல் கடந்து செய்தி அனுப்பப் புறாக்கள் இங்கே வளர்க்கப்பட்டன என்று கூறுவர்.

தூதுப் புறாவின் இயல்பை நம்மிற் பலர் பிழைபட விளங்கியுள்ளோம். நாம் விரும்பும் இடத்துக்கெல்லாம் அது செல்லும் என எண்ணுகின்றோம். அவ்வாறன்று. எங்கே கொண்டுபோய் விட்டாலும் அது தான் வளர்ந்த கூட்டையே நாடி மீளும். ஆகவே நெடுந்தீவில் வளர்ந்த புறா யாழ்ப்பாணத்துக்குச் செய்தி கொண்டு செல்லாது. யாழ்ப்பாணஞ் செல்பவர் அதனை உடன்கொண்டு சென்று, அங்கிருந்து பறக்கவிட்டாற் செய்தியுடன் தீவுக்கு மீளும். மறுமொழி வேண்டுவோர், அம்மறுமொழியைக் கொண்டுவரும் பறவையை முன்னதாகவே மற்றவர் கையிற் கொடுத்தல் வேண்டும்.

இவ்வுண்மை இக்காலத்து இளைஞருக்கும் யுவதிகளுக்கும் மிகவும் பயன்படுவது. தீவகத்து மக்கள் பலர் கொழும்பிலும், கனடாவிலும், ஐரோப்பிய நாடுகளிலும் வாழ்கின்றனர். பெண் இங்கே, மாப்பிள்ளை அங்கே; நிச்சயம் முடிந்து, சில நாட் பழக்கத்துடன் பிரிந்த இருவர் கைப்பேசி வழியே ஒருவரை ஒருவர் அறிய முயல்கின்றனர். ஒரு வாரம் நாள்தோறும் இனிய சொற்கள் வரும்; மறுவாரம் ஒரு சொல்லும் வராது. வட்ஸ்அப்பில் ஒரு குறி தோன்றினாற் செய்தி புறப்பட்டது. இரு குறிகள் தோன்றினாற் சேர்ந்தது. அவை நீலமானாற் செய்தி திறக்கப்பட்டது. அவ்வளவே. திறந்தவர் மனத்தில் யாது நிகழ்ந்தது என்பதை எந்நிறமும் காட்டுவதில்லை. ஆயினும் அந்த நீலக் குறிகளை நோக்கியே எத்தனை கண்கள் துயில் இழக்கின்றன!

இலங்கையில் இரவு 9 மணியாகும்போது, மாரிகாலத்து ரொறன்ரோவிற் காலை 10.30 மணி. ஒருவர் நாட்பணி முடிந்து ஆறுதலாகப் பேச விரும்பும் வேளை, மற்றவர் தொழிலகத்தில் நிற்கும் வேளை. இதனை இருவரும் முன்னரே பேசித் தெளியாவிடின், மணிக்கூட்டின் பிழை மனிதரின் பிழையாகத் தோன்றும்.

பருவங் குறித்த பிரிவு

கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த நம் முன்னோர், இம்மயக்கத்தையும் அறிந்திருந்தனர். பொருள் தேடச் செல்லும் தலைவன் கார்காலத்தில் மீள்வதாகச் சொல்லிச் செல்வான். மழை பெய்து கொன்றை மலர்ந்துவிடும், அவனோ வரான். கலங்கும் தலைவியிடம், 'இது பருவமன்று' என்று தோழி வற்புறுத்துதல் அகப்பாடல்களில் ஒரு துறையாகவே அமைந்தது. தோழி கூறுவது ஆறுதலே. கொன்றை பொய்யாக மலர்ந்ததோ மெய்யாக மலர்ந்ததோ என்பதைக் காலமே காட்டும். ஆனால் ஒன்று கருதத்தக்கது. பிரியுமுன் பருவம் குறிக்கப்பட்டிருந்தது. குறித்த பருவம் இருந்தமையாலேயே தவறியதா, தவறவில்லையா என்று வினவ முடிந்தது.

காத்திருப்போரின் அச்சத்தை எள்ளி நகையாடுதலும் தகாது. 1985 மே 15 ஆம் நாள், நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய குமுதினிப் படகிற் பயணஞ் செய்தோர் பலர் கடல் நடுவே கொல்லப்பட்டனர். படகு பிந்தினால் நெஞ்சு பதைப்பது இத்தீவாருக்கு வெறுங் கற்பனையன்று. எனினும் பெரும்பாலான நாட்களிற் படகு பிந்துவது காற்றினால் என்பதையும் அவர்களே நன்கறிவர். ஒரு நாட் பிந்தியது கொண்டு முடிவு செய்யார். துறைக்குச் சென்று விசாரிப்பர்.

விசாரித்து அறிதல்

புதிய உறவிலும் இதுவே செய்யத்தக்கது. உட்பொருள் தேடி ஒரே செய்தியைப் பத்து முறை படித்தலும், நாமும் மௌனஞ் சாதித்து மற்றவரைச் சோதித்தலும் ஐயத்தை வளர்க்குமேயன்றித் தீர்க்கா. "மூன்று நாளாக உங்களிடமிருந்து செய்தியில்லை; மனம் கவலைப்படுகிறது. வேலை மிகுதியா, வேறு காரணமா?" என்று பெண் நேரே கேட்பதில் நாணத்துக்கு இழுக்கில்லை. "இவ்வாரம் இரவு வேலை, ஞாயிற்றுக்கிழமை உம்முடன் பேசுவேன்" என்று மாப்பிள்ளை ஒரு வரி எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும்.

அதன்பின் நோக்க வேண்டியது சொல்லின் இனிமையையன்று. சொன்ன ஞாயிற்றுக்கிழமை அவர் பேசினாரா என்பதையே. இயலாதபோது முன்கூட்டி அறிவிப்பவர், குறைவாகப் பேசினும் நம்பத்தக்கவர். நாள்தோறும் தேனொழுகப் பேசி, திருமண நாளைப் பற்றிக் கேட்டாற் பேச்சை மாற்றுபவர் திறத்தில் விழிப்பு வேண்டும். தெளிவாக இரண்டு மூன்று முறை வினவியும் தெளிவான விடை வாராவிடின், அதுவே விடையெனக் கொண்டு பெற்றோரிடம் உரைத்தல் நன்று. மண்டபத்துக்கு முற்பணங் கட்டி, காணியை ஈடுவைத்த பின்னர் உண்மை அறிவதிலும், முன்னரே அறிவது இரு குடும்பத்துக்கும் நலம். பெற்றோரும், "ஊர் என்ன சொல்லும்?" என்று மகளின் வாயை அடைத்தலாகாது, இரண்டு நாள் மௌனத்தைக் கண்டு நல்ல சம்பந்தத்தை முறித்தலுமாகாது.

நெடுந்தீவு செல்லும் அன்பர்கள் குதிரைகளையும் கோட்டையையும் கண்டபின் புறாக்கூட்டையும் கண்டு வருக. காலைப் படகிற் சென்றால் மாலைக்குள் மீளலாம். பிற்பகலில் மீளும் படகின் நேரத்தை இறங்கியவுடனே துறையிற் கேட்டு அறிந்துகொள்ளுதல் அவசியம்.