அத்தையின் சுண்ணாம்பு டப்பா

சிவகாசி

அன்புத் தோழிக்கு,

தூத்துக்குடிக்கு வாக்கப்பட்டுப் போனதும் எங்களை மறந்துட்டியாடி? இங்க நடந்த கூத்தை உனக்கு எழுதலைன்னா எனக்குத் தூக்கம் வராது.

என் கொழுந்தன் காலண்டர் சீசன் காசுல கடல்மீன் தொட்டி வாங்கியிருக்கான். ரெண்டு கோமாளி மீன், நாலு பாறை. பாறை மேல ரோஸ் கலர்ல ஒரு பாசி படருமாம். அது வளரச் சுண்ணச்சத்து வேணுமாம். அதுக்கு ஊத்துறதுக்குப் பேரு 'கால்க்வாசர்'னு ஜெர்மன்ல அலட்டினான். கேட்டா, நம்ம சுண்ணாம்புத் தண்ணிதான்!

அத்தையோட வெத்தலைச் செல்லத்துல இருந்த சுண்ணாம்பை வழிச்சுக் கரைச்சு, அவசரக்குடுக்கை ஒரே ஊத்தா ஊத்திட்டான். தொட்டி பாலாப் போச்சு. மீன் ரெண்டும் மேல வந்து வாயைப் பிளக்குது. அத்தை போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு. நல்லவேளை, உப்புத்தண்ணி கலந்து வச்சிருந்தான். பாதித் தண்ணியை மாத்திக் காப்பாத்தினோம்.

இப்பப் பையன் திருந்திட்டான். வெத்தலைச் சுண்ணாம்பு இல்லை, சுத்தமான பவுடர். ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணிக்கு ஒன்றரை கிராம். அதுக்கு மேல கரையாது. மூடி வச்சுத் தெளிய விடுறான். திறந்து கிடந்தா காத்துல உள்ள கரியமில வாயு பட்டு, பாலாடை மாதிரி ஏடு கட்டிடுது. அடி வண்டலைத் தொடாம தெளிவை மட்டும் எடுக்கிறான். கடல்தண்ணிக்கு pH அளவு 8.2ன்னா, இதுக்கு 12.4. அதான் சொட்டுச் சொட்டா, அதுவும் ராத்திரியில. அப்பத்தான் தொட்டியில காரம் இறங்குமாம். வத்தின தண்ணிக்கு ஈடா மட்டும் விடணும். நம்ம ஊரு வெயிலுக்கு வத்துறதுக்கா பஞ்சம்!

"பவளம் வைக்கலையாடா?"ன்னேன். "ஜெயிலுக்கு அனுப்பப் பாக்குறீங்களா மதினி?"ங்கிறான். 2001-லயே கடல் பவளத்தைப் புலி, யானையோட முதல் அட்டவணையில சேத்துட்டாங்களாம்.

உங்க ஊருக்கு எதிர்த்தாப்புல இருந்த விலாங்குசல்லித் தீவு ஞாபகம் வந்துச்சு. சுண்ணாம்புக் காளவாசலுக்குன்னு பவளப்பாறையை வெட்டி வெட்டியே தீவைக் கடலுக்குக் குடுத்துட்டோம். இங்க ஒருத்தன் விரக்கடை பாசிக்காக ராத்திரி முழிச்சுச் சொட்டு எண்றான்.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. வரும்போது அத்தைக்கு ஒரு சுண்ணாம்பு டப்பா வாங்கிட்டு வா, பூட்டு வச்சதா.

உன் பிரிய தோழி