மூன்று நாள் விடுமுறையும் ஒரு சாலையும்

தோட்டத்தில் வாழும் குடும்பத்தார் பட்டணத்துக்குச் செல்வதென்றால் பெரும்பாலும் ஒரு காரியத்தின் பொருட்டே செல்வர். வைத்தியம், திருமணம், துணி எடுத்தல், அரசாங்கக் காகிதம் ஆகிய இவற்றுள் ஒன்று முடிந்ததும் மாலைக்குள் வீடு திரும்புவர். காரியம் ஏதுமின்றிக் குழந்தைகளின் மகிழ்ச்சிக்காகவே இரண்டு இரவு பட்டணத்தில் தங்குவது வீண் செலவென்று கருதுவோர் நம்மிடையே பலர். கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணியாகிய நாம் செலவைப் பற்றி அலட்சியமாகப் பேசமாட்டோம். எனினும், செவ்வனே திட்டமிட்டால் இச்செலவு வீணாகாது என்பதையும், அவ்வாறு திட்டமிடுதல் இடங்களைக் குறைப்பதில்தான் இருக்கிறது என்பதையும் இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சென்ற பள்ளி விடுமுறையில் துணைவியாருடனும், ஏழு வயது மகளுடனும், மூன்று வயது மகனுடனும் கெடாவிலிருந்து பினாங்கு சென்றுவர எண்ணினோம். செய்தியறிந்த உறவினரும் நண்பரும் ஆளுக்கொரு பட்டியல் நீட்டினர். 1923-ஆம் ஆண்டு முதல் ரயில் ஏறும் பினாங்கு மலை, 1884-இல் அமைந்த தாவரத் தோட்டம், ஆயர் ஈத்தாமிலுள்ள கெக் லோக் சீ கோயில் என்று கூட்டிப் பார்த்ததில் பதினோரிடம் சேர்ந்தது. ஒவ்வொன்றும் காணத்தக்கதே. ஆனால், மலை எங்கும் ஓடிப்போகாது. மூன்று வயதுப் பிள்ளைக்கோ பதினோரிடமும் ஒரே இடந்தான். அது தகப்பன் தோள்.

ஆதலின், ஒரு சாலையை மட்டும் தேர்ந்துகொண்டோம். ஜார்ஜ் டவுன் நகரின் பழம்பகுதியிலுள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை அது. ஆங்கிலேயர் நாளில் பிட் தெரு எனப்பட்டது. அதன் வடகோடியருகே 1818-இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயம். சற்று நடந்தால் சீனர் தூபமிடும் குவான் யின் கோயில். அடுத்து, குயின் தெருவை நோக்கி வாயில் கொண்டு, இச்சாலைக்கு முதுகு காட்டி நிற்கும் 1833-ஆம் ஆண்டு மகாமாரியம்மன் ஆலயம். பின்னர் 1801-இல் தோன்றிய பள்ளிவாசல். இவை யாவும் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கும். பெரியவர் பத்து நிமிடத்தில் கடக்கும் இவ்வழிக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்கினோம். ஏனெனில், குழந்தை கோபுரத்தை ஒரு நிமிடமும், சாக்கடை ஓரத்துப் பூனையை இருபது நிமிடமும் பார்க்கும். பூனைக்கும் திட்டத்தில் இடம் வைத்தல் வேண்டும்.

அடுத்தது வெயில். பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து பாகைக்குச் சற்று மேலே உள்ளது. அன்றியும், 1982 சனவரி முதல் நாளில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி முன்னேற்றப்பட்டது. எனவே இங்கு சூரியன் உச்சிக்கு வருவது ஒரு மணி கழிந்த பிறகே. மூன்று மணிக்கும் வெப்பம் தணியாது. இளங்குழந்தையின் உடம்போ பெரியோர் உடம்பைவிட விரைவில் சூடேறும். விளையாட்டினிடையே தண்ணீர் கேட்கவும் அதற்கு நினைவிராது. ஆகவே, எட்டு மணி முதல் பதினொன்று வரை நடை. பின்னர் ஐந்து மணி வரை உணவும் உறக்கமும். அதற்குப்பின் கடலோரத் திடலில் காற்று என்று வகுத்தோம். ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்குமாதலால் மாலைப்பொழுது குறைவுபடுவதில்லை. பிற்பகலில் மழை கொட்டினாலும் நாம் அறையில் இருப்போம்.

பழைய கடைவீடுகள் பல இப்போது விடுதிகளாகியிருக்கின்றன. அழகானவைதாம், ஆனால் மாடிப்படி செங்குத்தானது. கீழ்த்தளத்தில் அறை உண்டா என்பதையே முதலில் விசாரித்தோம். ஐந்தடி எனப்படும் கடைமுன் நடைபாதை நல்ல நிழல் தரும். எனினும், மோட்டார் சைக்கிளும் படிக்கட்டும் மாறிமாறி வழிமறிக்கும். ஆதலின் குழந்தையின் தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டு, பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கையோடு கொண்டோம். அது விரிப்பாகவும் போர்வையாகவும் உதவிற்று.

இனி, திட்டத்தின் தலையாய பகுதியைக் கூறுவோம். குடும்ப விடுமுறை என்பது பல வீடுகளில் தாய்க்கு அடுப்பு இடம் மாறுவதேயன்றி வேறில்லை. புளிச்சோறு கட்டுவதும், துணி துவைப்பதும், அழும் பிள்ளையைத் தூக்குவதும் அவள் வேலை; வேடிக்கை பார்ப்பது அவன் வேலை. "உனக்கு என்ன பார்க்க வேண்டும்?" என்று துணைவியாரைக் கேட்டோம். "யாராவது சமைத்து வைத்ததை உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்," என்றார். இதனைப் பட்டியலின் முதல் வரியாக எழுதினோம். காலையில் ரொட்டி சானாய், பகலில் வாழையிலைச் சோறு. பையனைச் சுமப்பது நம் பொறுப்பு. ஒரு நாள் பிற்பகல் பிள்ளைகளை நாம் உறங்கவைக்க, அவர் தனியே மார்க்கெட் தெருக் கடைகளில் இரண்டு மணி நேரம் உலவித் திரும்பினார். ஒன்றும் வாங்கவில்லை. ஒன்பதாண்டு இல்வாழ்வில் யாரும் காத்திருக்காமல் கடை பார்த்தது இதுவே முதல் முறை என்றார்.

சிறிய திட்டத்திற்கு மற்றொரு பயனும் உண்டு. கேள்விக்கு நேரம் கிடைக்கிறது. பள்ளிவாசலருகே சாலையின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்த மகள் அங்கேயே நின்றுவிட்டாள். "அப்பா, கெலிங் என்று நம்மைத் திட்டுவார்களே, அதை ஏன் பலகையில் எழுதியிருக்கிறார்கள்?" என்றாள். அச்சொல்லை நாமும் அவள் வயதில் கேட்டதுண்டு. பதினோரிடப் பட்டியல் கையிலிருந்தால், "பிறகு சொல்கிறேன், வா அம்மா," என்று இழுத்துச் சென்றிருப்போம். அன்று மதிலோர நிழலில் அமர்ந்து விடை கூறினோம். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் அச்சொல், பழைய மலாய் வழக்கில் தென்னிந்தியரைக் குறித்ததென்றும், வசையானது பிற்காலத்திலென்றும் சொன்னோம். காதிர் முகைதீன் என்னும் தமிழ் முசுலிம் வணிகர் இங்கிருந்த தென்னிந்தியருக்குத் தலைவராய்க் கப்பித்தான் பட்டம் பெற்றிருந்தார். அப்பட்டத்தாலேயே பள்ளிவாசலும் சாலையும் வழங்குகின்றன என்றும் விளக்கினோம்.

"அப்படியானால் அது நல்ல சொல்லா, கெட்ட சொல்லா?" என்றாள்.

"சொல்லுகிறவர் மனத்தைப் பொறுத்தது அம்மா. பலகையில் இருப்பது மரியாதை."

அவள் முழுதும் ஒப்பியதாகத் தோன்றவில்லை. மறுநாள் படகேறுமுன் இருமுறை அதே கேள்வியை வேறு வேறாகக் கேட்டாள். இருமுறையும் விடை கூற நமக்கு அவகாசம் இருந்தது.

பட்டர்வொர்த் துறையிலிருந்து தீவுக்குப் படகில் கால்மணி நேரமே ஆகும். இப்போது அப்படகு கார்களை ஏற்றுவதில்லை. ஆட்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்குமே இடம். கார் உடையவர் அதனைக் கரையில் நிறுத்திவிட்டுச் செல்லலாம். இவ்வளவு அருகிலுள்ள ஊருக்கு வாழ்நாள் சேமிப்பு வேண்டுவதில்லை. தோட்டத்து அன்பர்கள் அடுத்த விடுமுறையில் ஒரு சாலையையும் இரண்டு காலைப்பொழுதையும் எடுத்துக்கொள்வார்களாக. வீட்டம்மையின் விருப்பத்தை முதல் வரியில் எழுதுங்கள்; குழந்தை நிற்குமிடத்தில் நீங்களும் நில்லுங்கள்.